உஷார்! பிள்ளையின் மேஜைக்கு அடியில் ‘பார்ட் ஏ’, ‘பார்ட் பி’ இருக்கிறதா?

கொஞ்சம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மூடி போட்ட இரண்டு பாட்டில் இருக்கிறதா? ஒன்றில் ‘ஏ’, இன்னொன்றில் ‘பி’ என்று எழுதியிருக்கிறதா? பக்கத்தில் வெளுத்த ரப்பர்க் கட்டி ஒன்று, அதன் நடுவில் நரூட்டோவோ பேட்மேனோ பிள்ளையாரோ படுத்துக் கிடந்த பள்ளம்?

இருந்தால், இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அடுப்படிக்குப் போங்கள்.

இப்போது வீட்டுக்கு வீடு இது நடக்கிறது. க்ளேயில் ஓர் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் சிலிக்கான் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில், ஏ, பி இரண்டையும் கலந்தால் இறுகிக் கெட்டியாகும் ரெசினை ஊற்றி, அதே உருவத்தை வேண்டிய மட்டும் வார்த்துக்கொள்கிறார்கள். கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஃபிகர், வீட்டு மேஜையிலேயே பிறந்துவிடுகிறது. நாள் பூராவும் போனைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று நாமே காசும் கொடுக்கிறோம்.

கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பார்சலில் வந்திருப்பது தொழிற்சாலையில் கையுறையும் முகமூடியும் போட்டுப் புழங்க வேண்டிய சரக்கு. அதை எடுத்துச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

“நான்-டாக்ஸிக் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே?” என்பீர்கள். அந்த வார்த்தை பெரும்பாலும் முழுக்க இறுகிக் கெட்டிப்பட்ட ரெசினைப் பற்றியது. பாட்டிலுக்குள் இருக்கும் திரவத்துக்கு அது பொருந்தாது. கலக்கும்போது பிள்ளையின் விரலில் ஒட்டுவதும், ஊற்றும்போது மூக்கில் ஏறுவதும் இறுகாத சரக்குதான்.

அட்டையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்!

சென்னைப் புறநகரில் ஒரு பெண். பெயர் வேண்டாம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அனிமே என்றால் உயிர். கையும் அப்படி ஒரு கை. சுண்டுவிரல் உயரத்துக்கு உருவம் செய்தாலும் அதில் கண்ணிமை வரைக்கும் தெரியும். எபாக்ஸி என்ற வகை ரெசின் வாங்கி வார்க்க ஆரம்பித்தாள். முதலில் தோழிகளுக்குப் பிறந்தநாள் பரிசு. பிறகு ஆர்டர்கள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள்.

எங்கே செய்தாள்? படுக்கையறையில்.

ஃபேன் போட்டால் ஈர ரெசின்மேல் தூசி ஒட்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்மனையில் கட்டட வேலை. ஆகவே கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டாள். ஏசி காற்றைச் சுத்தம் செய்கிறது என்று நம் எல்லோருக்குமே ஒரு நினைப்பு உண்டு. வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ரெசினின் ஆவியும் அதற்குள்ளேயே சுற்றுகிறது. அதே அறையில்தான் அவள் தூங்கினாள்.

கையுறை போட்டால் நுணுக்கம் வராது என்பாள். விரலில் ஒட்டினால் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுத் துடைத்துவிடுவாள். அது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, ரசாயனம் உள்ளே இறங்க வழி செய்து கொடுக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பல மாதம் ஒன்றுமே ஆகவில்லை. இதைக் கவனியுங்கள். ஒன்றுமே ஆகவில்லை!

ஒருநாள் காலையில் இரண்டு கண்ணிமையும் வீங்கிப்போய் எழுந்தாள். முந்தின நாள் சாப்பிட்ட இறால்தான் என்றார் பாட்டி. இறாலை நிறுத்தினார்கள். கண்மையை நிறுத்தினார்கள். ஷாம்பு மாறியது, தலையணை உறை மாறியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் அடங்கும். விட்டால் திரும்ப வரும். பிறகு விரலிடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம். கழுத்தில் தடிப்பு. அரிப்பில் ராத்தூக்கம் போயிற்று. இத்தனைக்கும் நடுவில் ஆர்டர் வேலை மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த மேஜையின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் கேட்டார், “வீட்டில் உட்கார்ந்து என்னம்மா வேலை செய்கிறாய்?” என்று. முதுகில் வரிசையாக ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார். எபாக்ஸி வைத்த இடம் சிவந்து பொங்கியிருந்தது.

இனி அவள் எபாக்ஸியைத் தொட முடியாது. கொஞ்ச நாளைக்கு இல்லை, எப்போதுமே. அப்பா ஹாலில் உட்கார்ந்து இரண்டு ட்யூப் எபாக்ஸிப் பசையைக் கலந்து எதையாவது ஒட்டினால்கூட உள்ளறையில் அவளுக்குக் கண் வீங்குகிறது. அந்தக் கைக்கு இப்படி ஒரு தண்டனை.

இந்த ஒவ்வாமையின் குணம் அப்படி. முதல் நாளே காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு முறை தொடும்போதும் கடன்காரன் நோட்டில் எழுதுவதுபோல உடம்பு எழுதிக்கொண்டே வரும்; என்றோ ஒருநாள் மொத்தமாகக் கேட்கும். அதன்பிறகு துளி பட்டாலும் போதும். எபாக்ஸியில் ரெசின் பாட்டிலும் இதைச் செய்யும், அதை இறுக வைக்கும் ஹார்டனர் பாட்டிலும் செய்யும். த்ரீ-டி பிரிண்டரில் ஊற்றும் ரெசினும், அது வேறு வகை ரசாயனமாக இருந்தாலும், இதே வேலையைச் செய்யக்கூடியதுதான்.

“நான் ரொம்ப நாளாகச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று உங்கள் பிள்ளை சொன்னால் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்!

ஒழுகும் குழாயை அடைக்க வாங்கும் எம்-சீலும் எபாக்ஸிதான். அதை வெறும் கையால் பிசைந்து சுவர்ச் சித்திரமும் பொம்மையும் செய்கிறவர்கள் ஏராளம். என்றோ ஒருநாள் குழாயடைப்பது வேறு, தினமும் மணிக்கணக்கில் பிசைந்துகொண்டிருப்பது வேறு. கையுறை இல்லாமல் தொடவே விடாதீர்கள்.

இதைவிடப் பயங்கரமானது ஒன்று இருக்கிறது. மலிவு என்பதால் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஃபைபர் சாமான் விற்கும் கடைகளில் ‘ஜிபி ரெசின்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். படகுக்கும் கூரைத் தகட்டுக்கும் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் அது. எபாக்ஸியை விட விலை மிகக் குறைவு என்பதால் படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் தேடிப் போகிறார்கள். கூடவே இரண்டு சின்னப் பாட்டில் தருவார்கள். ஒன்று கத்தரிப்பூ நிறத்தில் கோபால்ட். இன்னொன்று நிறமே இல்லாத ஹார்டனர். சில கடைகளில் கேட்டலிஸ்ட் என்பார்கள். மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்பது அதன் ரசாயனப் பெயர்.

கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது!

சீறிக்கொண்டு தீப்பிடிக்கும். வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி முடித்துவிட்டு, அதன்பிறகுதான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கு இது தெரியும். வீட்டில் என்ன நடக்கிறது? இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச். ஒரே மூடியில் அளவு. இரண்டு பாட்டிலும் ஒரே ஷூ பெட்டிக்குள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து. பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோபால்ட் முன்பே கலந்துவைத்த ரெசின் கடையில் கிடைக்கும். வாங்கியே தீருவேன் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் இந்த ஹார்டனர் தேவை என்பதால் மற்ற எச்சரிக்கை எதுவும் குறையாது.

ஒரு சொட்டு ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும் அபாயம் உண்டு. பவர் கண்ணாடி போட்டிருக்கிறானே என்று இருந்துவிடாதீர்கள், பக்கவாட்டில் தெறிப்பதை அது தடுக்காது. முகத்தோடு ஒட்டி நாலாபுறமும் மூடும் காகிள்ஸ்தான் போட வேண்டும்.

தண்ணீருக்கும் ஹார்டனருக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சில்லறையாக வாங்கினால் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றித் தருகிற கடைகளும் உண்டு. அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் பிள்ளை குளிக்கப் போகிறான். வெயிலில் விளையாடிவிட்டுத் தாகத்தோடு வருகிறது சின்னது. ஒரு மடக்கு போதும். உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்துபோகும். உயிரே போகலாம்.

குடிக்கிற பாட்டிலில் ரசாயனம் ஊற்றாதீர்கள்! ஊற்றிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்!

அடுத்து தீ. ஜிபி ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் கணிசமாகக் கலந்திருக்கிறது. அந்தக் காரமான வாடை அதனுடையதுதான். சுமார் 31 டிகிரி செல்சியஸிலேயே, ஒரு சுடர் பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே 31 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும். அங்கே பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதா? தாத்தாவின் கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் புகைகிறதா? தரையில் பாய் போட்டுக் குழந்தையைத் தூங்க வைத்திருக்கிறீர்களா?

வாடை குறைந்துவிட்டதே என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போகும். ஆவி அங்கேயேதான் இருக்கும்.

ஊற்றி மிச்சமான ரெசினும் சும்மா இருக்காது. மெல்லிசாகப் பரப்பினால் சூடு வெளியேறிவிடும். கப்பின் அடியில் கெட்டியாகத் தேங்கி நின்றால் தன் சூட்டிலேயே தான் வேகும். பிளாஸ்டிக் கப் உருகி, புகை கிளம்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதை அப்படியே காகிதமும் பஞ்சும் கிடக்கும் குப்பைக்கூடையில் போட்டால் என்ன ஆகும்? மிச்சம் இறுகி ஆறும்வரை வெளியே சிமென்ட் தரையில் தனியாக வையுங்கள். ஹார்டனர் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவதும் அதேபோலத் தப்பு. தானாகவே சூடேறிப் பற்றக்கூடியது அது. தண்ணீரில் நனைத்து வெளியே போட்டுவிடுங்கள்.

ஊற்றிய பத்து நிமிடத்தில் அச்சிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஆசை காட்டுகிற இன்னொரு வகை இருக்கிறது, பாலியூரித்தேன். கைபழகியவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். இதன் ஒரு பாட்டிலில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். நுரையீரலுக்கு ஆகாது. எபாக்ஸி தோலில் செய்ததை இது மூச்சில் செய்யும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அப்புறம் துளி ஆவிக்கே இழுப்பு வரும். இதில் பலவற்றுக்கு வாடையே தெரியாது என்பதுதான் கொடுமை. வாடை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்து மூஞ்சிக்கு நேரே வைத்துக் கலக்குவார்கள்.

வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே வீசிங் இருக்கிறதா? பாலியூரித்தேனை வாசற்படி ஏற்றாதீர்கள்!

மழைக்காலத்தில் இதைக் கலந்தால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நுரைத்துக்கொண்டு வரும், பொம்மை முழுக்கக் குமிழி விழும். அதைத் தவிர்க்கத்தான் அறையை இன்னும் இறுக்கமாகச் சாத்துகிறார்கள். பொம்மைக்கு நல்லது, பிள்ளைக்குக் கெடுதல்.

ரெசினே வேண்டாம், பிஓபி போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் விஷமில்லை, சரி. ஆனால் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுடும். கெட்டியாக நிறைய இருந்தால் 60 டிகிரி வரைக்கும் போகும். 2007-ல் இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஒரு பள்ளியின் கலை வகுப்பில் நடந்தது இது. தன் கைகளையே அச்செடுக்கலாம் என்று மாணவி ஒருத்தி இரண்டு கையையும் பிளாஸ்டருக்குள் விட்டாள். பிளாஸ்டர் இறுகியது. கையை வெளியே எடுக்க முடியவில்லை. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது. பெரும்பாலான விரல்களை அவள் இழந்தாள். 2009-ல் நீதிமன்றம் அந்தப் பள்ளிக்கு அபராதம் விதித்தது.

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? குழந்தையின் கைகால் அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது இப்போது பெரிய மோகமாக இருக்கிறது. தொழிலாகச் செய்கிறவர்கள் முதலில் ஆல்ஜினேட் என்ற பொடியைக் குழைத்து அதில்தான் குழந்தையின் கையை வைப்பார்கள். பல் மருத்துவர் பல்லுக்கு அளவெடுப்பாரே, அதே பொருள். கையை வெளியே எடுத்தபிறகு, அந்தக் காலிப் பள்ளத்தில்தான் பிளாஸ்டரை ஊற்றுவார்கள். இந்த வரிசை தெரியாமல் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பிள்ளையின் பிஞ்சுக் கையை நேரே பிஓபி வாளிக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம்! விரலையும் விடாதீர்கள், பாதத்தையும் விடாதீர்கள்! முகத்தை அச்செடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்!

கை கழுவிய பிளாஸ்டர் தண்ணீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகும் என்பது தனிக் கதை.

இன்னொன்று கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொம்மையில் குமிழி விழாமல் இருக்க, வார்ப்பை அழுத்தமான காற்றுக்குள் வைத்து இறுக விடுவார்கள். அதற்கென்று தடித்த பாத்திரம் விற்கிறது. அது விலை அதிகம் என்று, வீட்டுப் பிரஷர் குக்கரில் ஓட்டை போட்டு, டியூப் சொருகி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இணைக்கிறார்கள். நம் குக்கர் சாதாரணமாக வேலை செய்யும் அழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ. ரெசினுக்கு அவர்கள் ஏற்றுவது 40, 50, 60. மூடி பறந்தால் எதிரில் நிற்பவர் கதி? ஊறுகாய் ஜாடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிறேன் என்பதும் இதே ரகம்தான், அதில் கண்ணாடி உள்பக்கமாக நொறுங்கும்.

உங்கள் குக்கர் காணாமல் போனால் தேடுங்கள்.

ஈயம் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. பழைய பேட்டரித் தகடு, மீன்வலைக் குண்டு இவற்றை அடுப்பில் உருக்கிச் சின்னச் சின்னச் சிப்பாய் வார்க்கிறார்களாம். 327 டிகிரியில் ஈயம் உருகிவிடும், கேஸ் அடுப்பே போதும். அதனால்தான் இந்த விபரீதம். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. அது மூளையைப் பாதிக்கும். போதாக்குறைக்கு, உருகிய உலோகம் ஈரமான அச்சில் விழுந்தால் அந்த ஈரம் நொடியில் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு வரை விரியும், உலோகம் முகத்தில் தெறிக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் பூசிய மண்ணை நாள்கணக்கில் காயவைத்து, பிறகு சூளையில் சுட்டு, மெழுகும் ஈரமும் போனபிறகுதான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்களே அந்த நிதானத்தை விடுவதில்லை. சமையலறை சாகசம் நமக்கு வேண்டாம்.

சரி, பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறான். எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

காலையில் எழும்போது இமை வீக்கம். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரிப்பு, பொடிக் கொப்புளம், தோல் வெடிப்பு. வேலை செய்த அன்று ராத்திரி மட்டும் வரும் வறட்டு இருமல், நெஞ்சில் விசில் சத்தம். இது முக்கியம்: உடனேதான் வர வேண்டும் என்றில்லை, பல மணிநேரம் கழித்தும் வரலாம். பாட்டி வீட்டுக்கு நாலு நாள் போனால் சரியாகி, திரும்பி வந்ததும் தொடங்குகிறதா? காரணம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், ‘போதை ஏறின மாதிரி இருக்கு’ என்ற பேச்சு, இவை ஸ்டைரீனின் வேலையாக இருக்கலாம். உடனே அறையைவிட்டு வெளியே கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் போகும்போது “பையன் ரெசின் வேலை செய்கிறான்” என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அவராகக் கேட்கும்வரை காத்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு ஆனது போல மாதங்கள் ஓடிவிடும்.

உடம்பில் தெரியும் முன்பே வீட்டிலும் சில அடையாளம் தெரியும். சமையல் கரண்டி ஒன்று பிசுபிசுக்கிறது. மாவு எடைபோடும் தராசில் கண்ணாடி மாதிரி ஒரு துளி காய்ந்து கிடக்கிறது. கேக் சுடும் ஓடிஜியில் பிளாஸ்டிக் கருகிய நெடி. சுடவைத்து இறுக்கும் பாலிமர் க்ளே பிவிசியால் ஆனது. பெரும்பாலும் 130 டிகிரிக்குள் சுட வேண்டியது. ஓடிஜியின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. கருகினால் அமிலப் புகை வரும். அந்த ஓடிஜியில் மறுநாள் கேக் வேண்டாம். அதேபோல, பொம்மைக்கு எடுத்த சிலிக்கான் அச்சில் அழகாக இருக்கிறதே என்று சாக்லேட்டோ ஐஸோ ஊற்றாதீர்கள்.

தவழும் குழந்தை வீட்டில் உண்டா? முடிந்துபோன பொம்மையையும் சோதியுங்கள். கைகால் கழற்றி மாட்ட மூட்டில் குட்டிக் காந்தம் பதிக்கிறார்கள். பொம்மையின் கண் ஒளிர பட்டன் பேட்டரி வைக்கிறார்கள். இரண்டு காந்தத்தை முழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து, குடலையே ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே அரிக்க ஆரம்பிக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள், ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

“அம்மா, நான்தான் மாஸ்க் போடுகிறேனே!” என்பான். எந்த மாஸ்க் என்று பாருங்கள். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. என்-95 தூசியைத் தடுக்கும். இறுகிய ரெசினைத் தேய்க்கும்போது அது அவசியம் வேண்டும். ஆவியை அது தடுக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டும் ரப்பர் ரெஸ்பிரேட்டர் வேண்டும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், கிழிந்தால் உடனே மாற்றட்டும். இடம் மொட்டை மாடி, அல்லது இரண்டு பக்கமும் காற்று வந்துபோகும் வராந்தா. படுக்கையறை கூடாது. சமையலறை கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் தனியாகவும் கூடாது.

விற்கத் தொடங்கினால் வேறு வம்பும் வரும். இன்னொருவர் உருவாக்கிய கதாபாத்திரத்தை, அதைவிட மோசமாக, இன்னொருவர் விற்கும் ஃபிகரையே வாங்கி அச்செடுத்து விற்பது காப்புரிமைச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1957-ஆம் வருடச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. 14 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொம்மை என்று விற்றால் 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.

கை துறுதுறுக்கும் பிள்ளையைச் சும்மா உட்காரச் சொன்னால் கேட்காது, எனக்கும் தெரியும். களிமண்ணும் காகிதக்கூழும் இருக்கவே இருக்கின்றன. மதுரை விளாச்சேரியில் கொலுபொம்மை அவற்றில் பிறக்கிறது. வார்த்தே ஆக வேண்டுமென்றால், சிலிக்கான் அச்சுக்குள் டென்டல் ஸ்டோன் ஊற்றச் சொல்லுங்கள். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். பிஓபியைவிடக் கெட்டி, மூக்கு நுனிகூட உடையாமல் வரும். பொடியைக் கலக்கும்போது தூசிக்கு மாஸ்க், கை மட்டும் அதற்குள் போகக் கூடாது.

இதையெல்லாம் மீறி ஏதாவது நடந்துவிட்டால்:

கண்ணில் பட்டால் ஆட்டோ தேடாதீர்கள். முதலில் குழாயடி. இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவியபிறகுதான் ஆஸ்பத்திரி. தோலில் ஒட்டினால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னரும் பெட்ரோலும் கூடாது. முழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! உள்ளே போகும்போது வெந்தது, வெளியே வரும்போது இன்னொரு தடவை வேகும். 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாமல், லேபிளோடு ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.